குளிரும் தோளும்

1875ஆம் ஆண்டு குளிர்காலத் தொடக்கத்தில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பனி விழுந்துகொண்டிருந்தபோது இரண்டு பேர் ஆறு நாள் கோல்ஃப் ஆடினார்கள். ஒருவர் இளைய டாம் மோரிஸ். வயது 24. 1868, 1869, 1870 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து ஓப்பன் பட்டத்தை வென்று, பரிசாக வைத்திருந்த சிவப்புத் தோல் பெல்ட்டை ஒரேயடியாக வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டவர். எதிரில் ஆடியவர் ஆர்தர் மோல்ஸ்வொர்த், இங்கிலாந்திலிருந்து வந்த கனவான். நாளுக்கு இரண்டு சுற்று, மொத்தம் பன்னிரண்டு சுற்று. டாம் பெரிய ஆட்டக்காரர் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் எதிராளிக்கு ஆறு அடி சலுகை கொடுத்து ஆடினார். பந்து உருள வேண்டிய புல்வெளிகளில் பனி மூடிக் கிடந்தது. பெருக்கித் தள்ளிவிட்டு ஆடினார்கள். நிறுத்தலாமே என்றால் நிறுத்த முடியாது, பந்தயம் பந்தயம்தான். டாம் ஜெயித்தார்.

அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் அவருடைய மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்திருந்தார், குழந்தையும் போய்விட்டது. டிசம்பர் 25ஆம் தேதி காலை டாமும் படுக்கையில் இறந்து கிடந்தார். நுரையீரலில் ரத்தக்கசிவு என்றார்கள். ஊர் மனைவியின் துயரம் என்றது. பனியில் ஆடிய ஆறு நாள்தான் கொன்றது என்று நான் சொல்லத் துணியமாட்டேன், அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. எனக்கு இருந்த கேள்வி அதைவிடச் சின்னது: அந்த ஆறு நாளும் அவர் உடம்பில் என்ன போட்டிருந்தார்?

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. சுவரில் புடைப்புச் சிற்பமாக டாம் பந்தை அடிக்கத் தயாராகக் குனிந்து நிற்கிறார். தலையில் ஸ்காட்லாந்துத் தொப்பி, உடம்பில் சாதாரண கம்பளிக் கோட்டு. அதாவது ஊருக்குள் கடைகண்ணிக்குப் போகும்போது போடும் அதே கோட்டு. விளையாட்டுக்கென்று தனி உடை என்ற எண்ணமே அப்போது தெளிவாக உருவாகவில்லை. ஆனால் குளிர் இருந்தது. தோளைச் சுழற்றித்தான் பந்தை அடிக்க வேண்டும் என்பதும் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த இழுபறியைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கோல்ஃப் ஆடுபவன் இல்லை. எடின்பரோவில் ஒரு ப்ராஜெக்டுக்காக இரண்டு குளிர்காலம் தங்கியிருந்தேன், அவ்வளவுதான் தொடர்பு. அங்கே என் மேலதிகாரியாக இருந்த மதுரைக்காரர் ஒருவர் கோல்ஃப் பைத்தியம். அலுவலகத்தில் எல்லாரும் அவரை முதல் பெயரால் கூப்பிடுவார்கள், நான் மட்டும் அண்ணே. அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அழைத்துப்போனார். அங்கே பழைய மைதானம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு மூடியிருக்கும். ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு உலகத்தின் மிகப் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானத்தின் நடுவே சாவகாசமாக நடப்பார்கள். கடல் காற்று காதுக்குள் புகுந்து மூளையைத் தொட்டது. நான் சென்னையில் வாங்கிக்கொண்டு போன, தலையணை மாதிரி உப்பிய ஜாக்கெட்டில் இருந்தேன்.

திரும்பும் வழியில், பந்தடித்துப் பழகும் இடம் ஒன்றில் வண்டியை நிறுத்தி என் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார். பின்னால் தூக்கினேன். பாதியிலேயே நின்றுவிட்டது. இடது கை மார்புக்குக் குறுக்கே வர வேண்டும், வரவில்லை, நடுவில் ஜாக்கெட் மூட்டை மாதிரி நின்றது.

"அதைக் கழட்டுடா தம்பி. இதைப் போட்டுக்கிட்டு சுத்தினா பந்து போகாது, நீதான் போவே."

கழற்றினேன். தோள் திரும்பியது. பல்லும் கிடுகிடுத்தது. பிரச்சினை முழுக்க அந்த அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது.

முதலில் ஒரு விஷயம். கோல்ஃப் வெயிலில் பச்சைப் புல்லில் பணக்காரர்கள் ஆடுவது என்று டிவி பார்த்து நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் பிறந்த ஊரில் அது வெகுகாலம் குளிர்கால விளையாட்டு. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் மணலும் புல்லும் கலந்த பொறம்போக்கு நிலங்கள் உண்டு, லிங்க்ஸ் என்பார்கள். புல் வெட்டும் இயந்திரம் வராத காலத்தில் கோடையில் அங்கே புல் முழங்காலுக்கு வளர்ந்துவிடும், பந்து காணாமல் போகும். குளிர்காலத்தில்தான் புல் குட்டையாக இருக்கும். கடல் தாண்டி நெதர்லாந்தில் அதன் உறவுக்கார விளையாட்டான கோல்ஃபை, ககரத்தை அழுத்தி அவர்கள் சொல்வது, உறைந்த ஏரிகளின் மேலேயே ஆடினார்கள். ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய பனிக்கால ஓவியங்களில், சறுக்கி விளையாடும் கூட்டத்துக்கு நடுவே கையில் மட்டையோடு ஆட்கள் நிற்பதைப் பார்க்கலாம். தடிமனான மேலங்கி, தொப்பி. குளிர் அந்த ஆட்டத்தோடு கூடவே பிறந்தது.

இப்போது கொஞ்சம் இயற்பியல். இன்ஜினியரிங் படித்தவனை எழுத விட்டால் இது தவிர்க்க முடியாதது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

துணி நம்மைச் சூடாக வைப்பதில்லை. துணிக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் வைக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும், தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கு மேல் கடத்தும். ஆகவே குளிருக்கான உடை என்பது அடிப்படையில் காற்றைப் பிடித்து வைக்கும் கூண்டு. கூண்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு கதகதப்பு. 1941இல் காகி, பர்ட்டன், பாஸெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை அளக்க 'க்ளோ' என்ற அலகையே உருவாக்கினார்கள். 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சௌகரியமாக இருக்கப் போதுமான உடை, ஒரு க்ளோ. கிட்டத்தட்ட அந்தக் காலத்து கோட்டு சூட்டு. வெளியே குளிர் கூடக்கூட அதிக க்ளோ வேண்டும், அதிக க்ளோ என்றால் அதிக தடிமன்.

மலையேறுபவருக்கு இதில் பெரிய சிக்கலில்லை, உப்பிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கூடாரத்தில் உட்காரலாம். ஓடுபவருக்கும் இல்லை, ஓடினாலே சூடு. கோல்ஃப் ஆடுபவர் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார். நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்க வேண்டும். நடப்பார், அப்போது உட்கார்ந்திருப்பதைவிட மூன்று நான்கு மடங்கு வெப்பம் உடம்பில் உற்பத்தியாகும், லேசாக வியர்க்கும். அப்புறம் நிற்பார், முன்னால் ஆடுபவர்கள் நகரும்வரை காத்திருப்பார், அந்த வியர்வை குளிர்ந்து முதுகில் ஒட்டும். அப்புறம் திடீரென்று உடம்பை முறுக்கி, தோளை இடுப்புக்கு எதிராகத் திருப்பி, ஒன்றரை வினாடிக்குள் முடிந்துவிடும் ஒரு வீச்சு. கூண்டு தடிமனாக இருந்தால் முறுக்க முடியாது. மெல்லிசாக இருந்தால் முறுக்க வேண்டிய தசையே விறைத்துவிடும். நான் வேலை செய்யும் துறையில் இந்த மாதிரி சிக்கல் தினமும் வரும். அங்கே ஒரு கூட்டம் போட்டு அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்போம். இவர்களுக்கு அந்த வசதி இல்லை.

கனவான்கள் கோட்டைக் கழற்றவே மாட்டார்கள். சட்டையோடு பொது இடத்தில் நிற்பது விக்டோரியா காலத்தில் கூலிக்காரர் செய்கிற காரியம். சில சங்கங்களில் சிவப்புக் கோட்டே கட்டாயம், பொது நிலத்தில் நடமாடும் மக்களுக்குப் பந்து வருகிறது என்று எச்சரிக்க. (லண்டன் விம்பிள்டன் பொதுநிலத்தில் இன்றைக்கும் சிவப்பு மேலாடை இல்லாமல் ஆட முடியாது.) ஆகவே கோட்டு உடம்பில் இருக்கும், ஆனால் கைக்கு இடம் கொடுக்க வேண்டும். முதுகில் மடிப்பு வைத்து, கையைத் தூக்கும்போது விரியும்படி தைத்த நார்ஃபோக் ஜாக்கெட் துப்பாக்கி வேட்டையிலிருந்து வந்து சேர்ந்தது. பேசிங்ஸ்டோக் ஊரில் கடை வைத்திருந்த தாமஸ் பர்பரி 1879இல் காபர்டீன் என்ற துணியைக் கண்டுபிடித்தார். நூலையே நெய்வதற்கு முன் நீர் புகாதபடி பதப்படுத்தி, நெருக்கமாக நெய்த துணி. காற்றை நிறுத்தும், மழையைத் தள்ளும், ஆனால் ரப்பர் கோட்டு மாதிரி உள்ளே வேகவைக்காது. கோல்ஃப்காரர்கள் விழுந்தடித்து வாங்கினார்கள்.

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். கணுக்கால் வரை பாவாடை, இறுக்கின இடுப்பு. கடற்கரைக் காற்றில் பாவாடை பறந்து பந்தை மறைக்கிறது என்று முழங்காலைச் சுற்றி மாட்ட ஒரு எலாஸ்டிக் பட்டையே விற்றார்கள். இந்த நிலையில் 1890களில் வந்த கோல்ஃப் கேப் என்ற பொருள்தான் எனக்கு அந்தக் காலத்திலேயே புத்திசாலித்தனமான கண்டுபிடிப்பாகப் படுகிறது. கையே இல்லாத போர்வை. தடித்த கம்பளி, உள்பக்கம் பெரும்பாலும் கட்டம் போட்டிருக்கும். மார்புக்குக் குறுக்கே இரண்டு பட்டைகள் பெருக்கல் குறி மாதிரி போய் முதுகுப் பக்கம் கட்டிக்கொள்ளும். நடக்கும்போதும் நிற்கும்போதும் போர்த்திக்கொள்ளலாம். அடிக்கும் நேரத்தில் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் பட்டை பிடித்துக்கொள்ளும், இரண்டு கையும் சுதந்திரம். அடித்து முடித்ததும் மறுபடி முன்னால் இழுத்துக்கொள்ளலாம். சூடும் வீச்சும் ஒரே நொடியில் தேவையில்லையே, ஒன்றுக்குப்பின் ஒன்றுதானே வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் உண்மையான விடை மைதானத்திலேயே, எல்லார் கண்முன்னாலும் நின்றுகொண்டிருந்தது. அதைப் போட்டிருந்தவர்கள் கேடிகள்.

நம்மூர் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் படம் ஒட்டும் கேடி இல்லை. கனவான்களின் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்குக் கேடி என்று பெயர். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஒரு மீன்பிடி ஊரும்கூட. கேடிகளில் பலர் மீனவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கடலில் வேலை இல்லாதபோது பை தூக்குவார்கள். பிரிட்டன் கடற்கரை முழுக்க மீனவர்கள் போட்ட உடை கான்ஸி என்ற பின்னல் சட்டை. நீலம் பாய்ந்த கம்பளி நூலை இறுக்கமுறுக்கி, சின்ன ஊசியில் நெருக்கமாகப் பின்னினது. காற்று உள்ளே நுழையாது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கையும் உடம்பும் சேரும் அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டை வைத்துப் பின்னுவார்கள். வலையை இழுக்கும்போதும் துடுப்பைச் சுற்றும்போதும் கை எந்தப் பக்கம் போனாலும் சட்டை மேலே ஏறாது. தோளுக்குச் சுதந்திரம், உடம்புக்குச் சூடு. பின்னல் துணி எந்தத் திசையிலும் இழுபடும், நெசவுத் துணி இழுபடாது. இவ்வளவுதான் ரகசியம். கோட்டுக்குள் நெளிந்துகொண்டிருந்த கனவானுக்கு இரண்டடி பின்னால் பை தூக்கி நடந்தவன் உடம்பில் விடை இருந்தது. மீனவன் சட்டையை கனவான் போட முடியாது என்பதுதான் தடை. அந்தத் தடை விலக ஒரு இளவரசர் தேவைப்பட்டார்.

1922இல் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட், பிறகு ராஜாவாகி ஒரு வருடம் முடிவதற்குள் முடியைத் துறந்தாரே அவர்தான், செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் சங்கத்துக்குத் தலைவரானார். புதுத் தலைவர் காலையில் முதல் குழியின் தொடக்கத்தில் நின்று ஒரே ஒரு பந்து அடிக்க வேண்டும் என்பது அங்கே சடங்கு. எதிரே மைதானத்தில் கேடிகள் பரவி நிற்பார்கள். பந்தை யார் பாய்ந்து எடுத்து வந்து கொடுக்கிறாரோ அவருக்கு ஒரு தங்கக் காசு. இளவரசர் கோட்டில்லாமல், பல வண்ண வடிவங்கள் பின்னிய ஃபேர் ஐல் ஸ்வெட்டரில் வந்து நின்றார். அதை அவருக்குக் கொடுத்தவர் ஷெட்லாந்துத் தீவின் லெர்விக் ஊர் ஜவுளி வியாபாரி ஒருவர். அவ்வளவுதான். அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கோல்ஃப் ஆடும் ஆண்கள் கோட்டைக் கழற்றி ஸ்வெட்டருக்கு மாறத் தொடங்கினார்கள்.

அந்த ஸ்வெட்டரைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும், நிஜமாகவே உள்பக்கத்தைப் புரட்டி. ஃபேர் ஐல் என்பது ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவே கிடக்கும் துக்கடா தீவு. அந்தப் பின்னலில் ஒரு வரிசைக்கு இரண்டு வண்ண நூல்தான். ஒன்று முன்னால் பின்னப்படும்போது மற்றது பின்பக்கமாகச் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். வெளியே பார்த்தால் நட்சத்திரமும் சிலுவையும் கட்டமும். உள்ளே பார்த்தால் நூல்கள் வரிவரியாக மிதக்கும். ஆக, வடிவத்துக்காகச் செய்தாலும் ஒரே சட்டைக்குள் இரண்டு அடுக்கு கம்பளி, நடுவில் காற்று. கோட்டு அளவுக்குச் சூடு, பின்னல் அளவுக்கு இழுவை. அழகுக்காக வந்தது என்று ஃபேஷன் புத்தகங்கள் சொல்லும். எனக்கு அது முதல்தரமான வெப்பக்காப்புப் பொறியியலாகத்தான் தெரிகிறது. போதாததற்குக் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. நடந்து, வியர்த்து, நின்று குளிரும் ஆட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

இதைப் பின்னியவர்கள் ஷெட்லாந்துப் பெண்கள். கணவன் கடலில் இருப்பான். சின்ன நிலம், ரெண்டு மாடு, ஆடுகள், அடுப்புக்கு நிலக்கரி மாதிரி எரிக்கும் கரிமண் கட்டிகளைச் சதுப்பிலிருந்து முதுகுக் கூடையில் சுமந்து வருவது, எல்லாம் இவர்கள் தலையில். முதுகில் கூடை, கையில் ஊசி, நடந்துகொண்டே பின்னுவார்கள். இடுப்பில் குதிரைமயிர் அடைத்த துளைபோட்ட தோல் பெல்ட் கட்டி, ஒரு ஊசியின் நுனியை அந்தத் துளையில் செருகிக்கொண்டால் கை லேசாகும், நடையும் நிற்காது. இப்படிப் பின்னியதை லெர்விக் வியாபாரியிடம் கொண்டுபோனால் காசு தரமாட்டார். தேயிலையோ துணியோ தருவார், அதுவும் அவர் வைத்த விலையில். இது எவ்வளவு பரவலாக இருந்தது என்றால், பிரிட்டிஷ் அரசு விசாரணைக் கமிஷன் அனுப்பி 1872இல் அறிக்கையே வெளியிட்டது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து சாட்சி சொன்னார்கள். தேயிலையை வைத்துக்கொண்டு வாடகை கட்ட முடியாது, அதை விற்றுத்தான் மாவு வாங்க வேண்டும். சட்டம் இந்த வழக்கத்தைக் கண்டித்த பிறகும் அது சாவகாசமாகத்தான் செத்தது.

இளவரசர் ஒரு பந்து அடித்ததில் ஷெட்லாந்துக்கு நிஜமாகவே நல்லது நடந்தது, அதை மறைக்கக் கூடாது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியும் ரஷ்யாவும் வாங்கிக்கொண்டிருந்த ஹெர்ரிங் மீன் வியாபாரம் படுத்துவிட்டது. அந்த நேரத்தில் ஸ்வெட்டருக்கு வந்த கிராக்கி பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தது. ஆனால் அருங்காட்சியகப் பலகைகளில் இளவரசர் பெயர் இருக்கிறது, கொடுத்த வியாபாரியின் பெயரும் தேடினால் கிடைக்கிறது. பின்னிய கையின் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை. சட்டையில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லைதான். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது.

அதே 1922இல் இன்னொரு சம்பவம். இளவரசர் பந்தடிப்பதற்குச் சில மாதம் முன்பு, எவரெஸ்ட் ஏறப்போன பிரிட்டிஷ் குழுவில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலாளர் இருந்தார். பலூன் செய்யும் துணிக்குள் ஐடர் வாத்தின் தூவியை அடைத்து ஒரு பச்சைக் கோட்டு தைத்துக்கொண்டு வந்தார். ட்வீட்டும் கம்பளியும் போட்ட மற்ற கனவான்கள் கிண்டலடித்தார்கள். மேலே போனதும் கிண்டல் குறைந்தது. இன்றைய உப்பிய ஜாக்கெட்டுகளுக்கெல்லாம் முப்பாட்டன் அது. தூவி என்பது நமக்குப் பழைய சொல். நெடுநல்வாடையில் அந்த வாடைக்கால இரவில் அரசியின் கட்டிலில் கிடப்பது அன்னத் தூவி அடைத்த அணைதான். தூவிக்குத் தண்டு கிடையாது. நடுப்புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் மெல்லிய இழைகள் விரியும், எடையே இல்லாமல் காற்றைப் பிடிக்கும். அதன் எதிரி ஈரம். நனைந்தால் சுருண்டு ஒட்டிக்கொண்டு வெறும் அழுக்குப் பஞ்சாகிவிடும்.

1930களின் நடுவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் கடைக்காரர் எடி பாவர் மீன்பிடிக்கப் போய், நனைந்த கம்பளிச் சட்டையில் உறைந்து சாகத் தெரிந்தார். தப்பித்து வந்தவர், தூவியைக் கட்டம்கட்டமாகத் தைத்த ஸ்கைலைனர் ஜாக்கெட்டை 1936இல் செய்தார், 1940இல் காப்புரிமை வாங்கினார். கட்டம் எதற்கு? தூவி கீழே சரிந்து சேராமல் இருக்க. ஆனால் தையல் விழுந்த கோட்டில் தடிமன் பூஜ்யம், அங்கே குளிர் நுழையும். இந்த ஜாக்கெட் வேட்டைக்காரருக்கும் விமானிக்கும் போனது, கோல்ஃப்காரர் தொடவில்லை. காரணம் நான் பந்தடிக்கும் இடத்தில் கண்டதுதான்.

அவர்களுக்கு 1937இல் கிடைத்தது வேறு. மான்செஸ்டரில் ஜான், ஐசக் மில்லர் சகோதரர்கள் செய்த பாரகூட்டா ஜி9. ஜி என்றால் கோல்ஃப். இடுப்போடு நிற்கும் நீளம், கீழே எலாஸ்டிக், கழுத்திலிருந்தே சரிந்து வரும் கை, பந்து விழாமல் பட்டன் போட்ட பை, முதுகில் மழைநீர் வழிந்தோடக் குடை மாதிரி ஒரு மடிப்பு. உள்ளே ஃப்ரேசர் குலத்தின் கட்டம், அதற்கு லோவட் பிரபுவிடம் அனுமதி வாங்கினார்கள். இது குளிரை விட மழைக்கும் காற்றுக்குமான உடை. 1958இல் 'கிங் க்ரியோல்' படத்தில் எல்விஸ் பிரெஸ்லி போட்டதும் அது தெருவுக்கு வந்துவிட்டது. கோல்ஃப் மட்டையைக் கையால் தொடாத இளைஞர்கள்தான் அதிகம் போட்டிருப்பார்கள்.

நடுவில் சில பத்தாண்டுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். ஸ்வெட்டர், மேலே ஒரு மழைக்கோட்டு. இப்படியே ஓடியது. 1958இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசஃப் ஷிவர்ஸ் ஸ்பான்டெக்ஸ் இழையைச் செய்தார், இழுத்தால் பல மடங்கு நீண்டு திரும்பிவரும். நெசவுத் துணிக்கும் பின்னல் குணம் வந்தது. 1980ஐ ஒட்டி மாசசூசெட்ஸின் லாரன்ஸ் ஊரிலிருந்த மால்டன் மில்ஸ், பாலியெஸ்டர் நூலைச் சீவிப் பொங்கவைத்த ஃப்ளீஸ் துணியைக் கொண்டுவந்தது. நனைந்தாலும் உதறினால் போதும். அமெரிக்க ராணுவத்துக்கு நனைந்தாலும் தோற்காத தூவி வேண்டியிருந்தது. அதற்காக உருவாக்கியது ப்ரைமாலாஃப்ட் என்ற செயற்கை இழை. மிக மெல்லிய இழைகள், சின்னச் சின்ன காற்றறைகள், அதனால் தடிமன் குறைவு. கோல்ஃப்காரருக்கு இதுதான் பெரிய விஷயம். அதே சூடு, கொஞ்சம் குறைந்த மூட்டை.

அந்த மால்டன் மில்ஸ் ஆலை 1995 டிசம்பர் 11 இரவு தீப்பிடித்து எரிந்தது. முதலாளி ஆரன் ஃபாயர்ஸ்டைனுக்கு அன்று எழுபதாவது பிறந்தநாள் விருந்து. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் மாதிரி கூலி மலிவான நாட்டுக்குப் போயிருக்கலாம். அவர் அதே ஊரில் ஆலையைத் திரும்பக் கட்டினார், வேலையில்லாமல் நின்ற தொழிலாளிகளுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்தார். கடன் ஏறி 2001இல் நிறுவனம் திவாலானது. நிர்வாகவியல் வகுப்புகளில் இதை இரண்டு விதமாகவும் பாடம் எடுக்கிறார்கள், அவர் மகான் என்றும், கணக்குத் தெரியாதவர் என்றும். தேயிலையைக் கூலியாகக் கொடுத்த லெர்விக் வியாபாரிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். நான் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இந்தத் துணி நுட்பமெல்லாம் வந்த பிறகும் வானிலை அவ்வப்போது தன் வேலையைக் காட்டும். 2002 ஜூலை 20, முயர்ஃபீல்ட் மைதானத்தில் ஓப்பன் மூன்றாம் நாள். அந்த ஆண்டின் முதல் இரண்டு பெரிய பட்டங்களையும் ஜெயித்துவிட்டு வந்திருந்த டைகர் வுட்ஸ், குளிர்காற்றும் மழையும் அடித்த அந்த மதியம் 81 அடித்தார். அதுவரை அவருடைய தொழில் வாழ்க்கையிலேயே மோசமான கணக்கு. ஜூலை என்பது அங்கே கோடை, கவனியுங்கள். 2010 அக்டோபரில் வேல்ஸின் கெல்டிக் மேனரில் ரைடர் கோப்பை. முதல் நாளே மழையில் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. அமெரிக்க அணிக்குக் கொடுத்திருந்த மழை உடைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மைதானத்தில் ரசிகர்களுக்கு நினைவுப்பொருள் விற்கும் கூடாரத்துக்கு ஆள் அனுப்பி, காசு கொடுத்து வேறு மழை உடை வாங்கி மாட்டிக்கொண்டு ஆடினார்கள். ஆட்டம் திங்கட்கிழமை வரை இழுத்து, ஐரோப்பா 14½–13½ என்று ஜெயித்தது. ஒரே ஒரு புள்ளி. தோற்றதற்குக் கோட்டுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது, ஆனால் அன்று முதுகு நனைந்து நின்றவர்கள் அந்தக் கோட்டை மறந்திருக்க மாட்டார்கள்.

இன்றைக்குக் குளிர்கால கோல்ஃப் ஜாக்கெட் என்று விற்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது ஒரே துணியால் ஆனதில்லை. மார்பிலும் முதுகிலும் இழை அடைத்த கட்டங்கள். அக்குளும் விலாவும் கையும் இழுபடும் பின்னல். மீனவச் சட்டையின் சாய்சதுரத் துண்டு பெரிதாகி முழுப் பக்கமும் பரவிவிட்ட மாதிரி. வெளித்துணி லேசாகச் சீவி மிருதுவாக்கியது, ஏனென்றால் நைலான் மொறுமொறுவென்று சத்தம் போடும், வீச்சின் உச்சியில் அந்தச் சத்தம் காதுக்குக் கேட்டால் கவனம் போய்விடும் என்பார்கள். இதிலும் திருப்தியில்லாதவர்கள் கையையே வெட்டிவிட்டார்கள். அடைத்த கட்டங்கள் உடம்புக்கு மட்டும், கை கிடையாது. உள்ளே மெல்லிய ஸ்வெட்டர். எங்கள் மதுரை அண்ணன் போடுவது இதைத்தான். "இதுல ரெண்டு கையும் எனக்குச் சொந்தம்டா" என்பார்.

கைக்குக் குளிராதா என்றால், குளிரும். விரல் விறைத்தால் மட்டையின் பிடி தெரியாது. அதற்கும் ஒன்று விற்கிறார்கள். விரல் பிரிக்காத, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் துணியைப் பெரிதாக்கின மாதிரி தடிமனான கையுறை. அதைப் போட்டுக்கொண்டு பந்தை அடிக்க முடியாது. நடக்கும்போது போட்டுக்கொள்ள வேண்டும், பந்தருகே வந்ததும் கழற்ற வேண்டும், அடித்ததும் மறுபடி மாட்ட வேண்டும். டிவியில் குளிர்நாள் ஆட்டம் வந்தால் கவனித்துப் பாருங்கள். ஆட்டக்காரர் இரண்டு கையுறையையும் உருவிப் பக்கத்தில் நீட்டுவார். கேமரா அவர் முகத்துக்குப் போய்விடும். கையுறைகளைப் பிடித்தபடி, தன் கையில் ஒன்றும் இல்லாமல், கேடி ஓரமாக நிற்பார்.